பெட்டி எங்கே: ஒப்படைத்த சாமான்களும் தடங்காட்டி வில்லைகளும்

அலோர் ஸ்டாருக்கு வடக்கே கெப்பாலா பத்தாஸில் அமைந்துள்ள சுல்தான் அப்துல் ஹலிம் விமான நிலையத்திலிருந்து வழக்கமாகப் புறப்படுபவை உள்நாட்டு விமானங்களே என்பதால், வட கெடாவிலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ செல்லும் தமிழ்க் குடும்பம் கோலாலம்பூரில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டியிருக்கிறது. பயணி இறங்கி ஏறுவதைப் போலவே அவர் முகப்பில் ஒப்படைத்த பெட்டியும் இறங்கி ஏற வேண்டும். ஆனால் பயணிக்குக் கண்ணும் வாயும் காலும் இருக்க, பெட்டிக்கு இருப்பது கைப்பிடியில் சுற்றி ஒட்டிய காகிதப் பட்டை ஒன்றுதான். 2021-க்குப் பிறகு அந்தப் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே நாணயம் அளவிலான மின்னணு வில்லை ஒன்றும் இடம்பிடிக்கத் தொடங்கியது. இருக்குமிடத்தை உரியவருக்குத் தெரிவிக்கும் கருவி என்பதால் அதைத் தடங்காட்டி எனலாம். காகிதப் பட்டை, பெட்டி எங்கே போக வேண்டும் என்பதை விமான நிறுவனத்துக்குச் சொல்கிறது. தடங்காட்டி, பெட்டி எங்கே கிடக்கிறது என்பதைப் பயணிக்குச் சொல்கிறது. இந்த இரண்டாவது செய்தி பயணியின் கைக்கு வந்ததால் என்ன மாறியது, எது மாறவில்லை என்பது சற்று நின்று பார்க்க வேண்டிய கேள்வி.

உடையவரிடமிருந்து பிரிந்து செல்லும் பொருளுக்கு அடையாளம் இட வேண்டும் என்ற எண்ணம் தமிழ் வணிகத்துக்கு மிகப் பழையது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் கடலிலிருந்து இறங்கிய பண்டங்களுக்கும் கடலேறவிருந்த பண்டங்களுக்கும் சோழரின் புலிச் சின்னம் பொறிக்கப்பட்டதைச் சொல்கிறது. அதே பாட்டு அத்துறைமுகத்தில் குவிந்த செல்வங்களுள் காழகத்துப் பொருள்களையும் எண்ணுகிறது. காழகத்துக்கு உரைகாரர் கடாரம் என்று பொருள் தர, கடாரம் இன்றைய கெடாவே என்பது பெரும்பாலான வரலாற்றறிஞர் ஏற்கும் கருத்தாதலால், கெடாவிலிருந்து தமிழகம் சென்ற சரக்கின் மேல் விழுந்த முத்திரை குறித்த மிகப் பழைய செய்திகளுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம். சிலப்பதிகாரம் இன்னும் நுணுக்கமாகப் பேசுகிறது: புகார் நகரத்துப் பண்டசாலையில் கிடந்த பொதிகளின் மேல் உடையவர் பெயரும், கண்ணெழுத்து எனப்பட்ட குறியீடும், எண்ணும் இருந்தன, பூட்டும் காவலும் இல்லை, எடுத்துச் செல்ல நினைப்பவனின் தலையில் பொதியை ஏற்றிச் சுழல வைக்கும் வெள்ளிடை மன்றம் என்ற தெய்வத் தலம் ஒன்றே காவல். பெயர், குறி, எண் ஆகிய மூன்றும் இன்றைய விமானப் பட்டையிலும் அப்படியே இருக்கின்றன. வெள்ளிடை மன்றத்துக்குத்தான் மாற்று கிடைக்கவில்லை.

இடைப்பட்ட கப்பல் காலத்தில் இந்தச் சிக்கல் ஏறக்குறைய இல்லாமலே இருந்தது. 1926-இல் நீரிறங்கிய ராஜுலாவும், அதன் பின்வந்த சிதம்பரமும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய காலத்தில், கெடாத் தோட்டங்களிலிருந்து ஊருக்குப் புறப்பட்டவர்கள் பினாங்கில் கப்பலேறினார்கள். தளப் பயணிகள் எனப்பட்ட பெரும்பான்மையினர், பெயரும் ஊரும் சாயத்தால் எழுதிய தகர டிரங்குப் பெட்டியின் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். பெட்டி கண்முன்னே இருந்ததால் அதைத் தேடும் அறிவியல் தேவைப்படவில்லை. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் தீப்பற்றியதோடு அந்தக் கடல்வழி முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே விமானத்துக்கு மாறத் தொடங்கியிருந்த பயணம் அதன் பின் முழுவதுமாக விமானத்துக்கு மாறியது. பெட்டி உடையவரின் காலடியை விட்டு அகன்று, அவர் காண முடியாத சுவருக்குப் பின்னே, அவர் அறியாத கைகளுக்குப் போனது.

அந்தச் சுவருக்குப் பின்னே பெட்டியை நடத்திச் செல்லும் காகிதப் பட்டையை அருகில் வைத்துப் பார்ப்பது பயனுடையது. அதில் பெரிய எழுத்தில் இருப்பது சேருமிடத்தின் மூன்றெழுத்துக் குறியீடு: அலோர் ஸ்டாருக்கு ஏ.ஓ.ஆர்., கோலாலம்பூருக்கு கே.யூ.எல்., திருச்சிக்கு டி.ஆர்.இசட். அலோர் ஸ்டார் நகரத்தின் பெயர் ஸ்டாரா செத்தாரா என்று அரசாங்க ஆவணங்களில் மாறி மாறி வந்த காலத்திலும் பட்டையின் மூன்றெழுத்து அசையவில்லை. திருவனந்தபுரத்தின் குறியீடு டி.ஆர்.வி. என்பதால், கடைசி எழுத்தைத் தவறாகப் படிக்கும் கண் திருச்சிப் பெட்டியைக் கேரளத்துக்கு அனுப்பிவிட முடியும். எனவே இயந்திரங்கள் எழுத்தைப் படிப்பதில்லை. பட்டைக்கோடுகளில் அடங்கியுள்ள பத்து இலக்க எண்ணையே படிக்கின்றன. முதல் இலக்கம் பட்டையின் வகையைக் குறிக்கிறது. உரியவரைப் பிரிந்து பின்னால் தனியே அனுப்பப்படும் பெட்டிக்கு அது 2. அடுத்த மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தின் எண். மலேசியா ஏர்லைன்ஸுக்கு 232. எஞ்சிய ஆறும் வரிசை எண். வாகனத்தின் பதிவெண்ணைப் போல இந்த எண்ணில் பயணியைப் பற்றி எதுவும் எழுதப்பட்டிருக்காது. யாருடைய பெட்டி, எந்த விமானம், அடுத்து எங்கே என்ற விவரமெல்லாம் முகப்பில் பட்டை அச்சாகும்போதே விமான நிலையத்தின் கணினிக்குத் தனிச் செய்தியாகப் போய்விடுகிறது. அந்தச் செய்தி போகாவிட்டால் பட்டை வெறும் காகிதம். 1998 ஜூன் இறுதியில் கோலாலம்பூரின் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையம் திறந்தபோது பெட்டிகள் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாமதமானதும், 2019 ஆகஸ்டில் அங்குக் கணினி வலையமைப்பு சில நாள் செயலிழந்தபோது ஊழியர்கள் பல வேலைகளைக் கையாலேயே செய்ய வேண்டி வந்ததும் பெட்டிப் போக்குவரத்து எந்த அளவுக்குக் கணினியை நம்பியிருக்கிறது என்பதைக் காட்டின.

விமான நிறுவனங்கள் பெட்டியை எண்ணிக் கணக்கு வைக்கத் தொடங்கியதற்குப் பயணியின் வசதி முதற்காரணம் அன்று. சிதம்பரம் எரிந்த அதே 1985-இல், ஜூன் 23 அன்று, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தனர். வான்கூவரில் ஒப்படைக்கப்பட்ட ஒரு பெட்டி இணைப்பு விமானம் வழியாக அதில் ஏறியிருந்தது, அதை ஒப்படைத்தவர் ஏறவில்லை. ஏறக்குறைய அதே நேரத்தில் தோக்கியோவின் நரித்தா விமான நிலையத்தில், வேறோர் ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றப்படவிருந்த பெட்டி வெடித்துச் சாமான் கையாளும் ஊழியர் இருவர் மாண்டனர். 1988 டிசம்பரில் லாக்கர்பியில் 270 பேரைப் பலிகொண்ட வெடிப்பும் பெட்டி வழியே வந்ததுதான். பயணி ஏறாத விமானத்தில் அவருடைய பெட்டி ஏறக் கூடாது என்ற விதி, அதாவது பயணியையும் பெட்டியையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் முறை, உலகெங்கும் இறுகியது இந்த மரணங்களுக்குப் பிறகே.

அந்தக் கணக்கைப் பாதுகாப்பு எல்லையைத் தாண்டி விரிவாக்கியது, ஐயாட்டா எனப்படும் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் 753-ஆம் தீர்மானம். 2018 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள இத்தீர்மானம், பயணியிடமிருந்து பெறும்போது, விமானத்தில் ஏற்றும்போது, இணைப்பு விமானத்துக்கான பகுதியில் சேர்க்கும்போது, பயணியிடம் திருப்பித் தரும்போது என நான்கு இடங்களில் பெட்டியைப் பதிவு செய்யுமாறு உறுப்பு நிறுவனங்களைப் பணிக்கிறது. பலன் இல்லாமல் இல்லை. ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட சீட்டா என்ற விமானத் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளின்படி, 2007-இல் ஆயிரம் பயணிகளுக்கு ஏறத்தாழ 19 ஆக இருந்த தவறிய பெட்டிகள் 2024-இல் 6.3 ஆகக் குறைந்தன. ஆனால் பயணிகள் பெருகிவிட்டதால் 2024-இல் மட்டும் 3 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் தாமதமாகவோ சேதமாகவோ காணாமலோ போயின. இவற்றுள் பத்தில் நான்கு, ஒரு விமானத்திலிருந்து இன்னொரு விமானத்துக்கு மாற்றும்போது தவறியவை. முற்றிலும் தொலைந்தவை அல்லது திருடு போனவை நூற்றுக்கு எட்டு மட்டுமே. நான்கில் மூன்று பெட்டிகள் வெறுமனே பின்தங்கியவை. ஆக, தவறும் பெட்டிகளுள் பெரும்பாலானவை எங்கோ ஒரு தளத்தில், யாருக்கும் அவசரமில்லாமல், நின்றுகொண்டிருக்கின்றன.

மாற்றுமிடத்தில்தான் தவறு நேர்கிறது என்ற இந்தப் புள்ளிவிவரம், மாற்றாமல் ஊருக்குப் போக முடியாத கெடாக்காரர்களுக்கு மற்றவரைவிட நெருக்கமானது. இரு கட்டங்களும் ஒரே பயணச்சீட்டில் இணைந்திருந்தால், அலோர் ஸ்டாரில் ஒட்டும் பட்டையிலேயே திருச்சியின் குறியீடு இருக்கும். பெட்டி கோலாலம்பூரில் தானாக மாறிச் செல்லும், தவறினால் பொறுப்பும் தெளிவாக இருக்கும். மலிவு விலை பார்த்து இரண்டு தனிச் சீட்டுகள் வாங்கியவருக்கோ பட்டை கோலாலம்பூரோடு முடிந்துவிடுகிறது. அவர் பெட்டியைச் சுழல்பட்டையிலிருந்து எடுத்து, வெளியே வந்து, இரண்டாம் நிறுவனத்தின் முகப்பில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். இரு நிறுவனங்களும் வேறு வேறு முனையங்களில் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெட்டியோடு இரயிலிலோ பேருந்திலோ போக வேண்டும். முதற்கட்டப் பெட்டி பின்தங்கி, இரண்டாம் விமானம் பறந்துவிட்டால், சட்டத்தின் பார்வையில் அவை தொடர்பற்ற இரு பயணங்கள். சென்னையில் இறங்கி மதுரைக்கு உள்நாட்டு விமானம் பிடிப்பவருக்கு இன்னொரு முடிச்சும் உண்டு: பொதுவாக இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்திலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் கடந்து, பின் மீண்டும் ஒப்படைக்க வேண்டும். தென் கெடாவின் சுங்கை பட்டாணி, கூலிம் வாசிகளுக்கு, 2024 டிசம்பரில் இண்டிகோ தொடங்கிய பினாங்கு–சென்னை நேரடிச் சேவை இந்த முடிச்சுகளில் ஒன்றை அவிழ்த்தது. மாறாத விமானத்துக்கு ஈடான தடங்காட்டி எதுவும் இதுவரை சந்தைக்கு வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2021 ஏப்ரல் 30 அன்று விற்பனைக்கு வந்த ஆப்பிளின் ஏர்டேக், அதே ஆண்டு வெளியான சாம்சங்கின் ஸ்மார்ட்டேக், 2024 முதல் கூகுள் வலையமைப்பில் இயங்கும் பல நிறுவன வில்லைகள் ஆகிய அனைத்தும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. வில்லைக்குத் தான் இருக்கும் இடம் தெரியாது. அதில் செயற்கைக்கோள் வாங்கியோ சிம் அட்டையோ இல்லை. அது செய்வதெல்லாம் புளூடூத் என்னும் குறைந்த ஆற்றல் வானொலி அலையில் சில நொடிகளுக்கு ஒருமுறை 'நான் இங்கே' என்று ஓர் எண்ணைக் கூவுவதே. பக்கத்தில் போகும் யாரோ ஒருவரின் கைப்பேசி அந்தக் கூவலைக் கேட்டு, தன் சொந்த இருப்பிடத்தைச் சங்கேத எழுத்தில் பூட்டி, நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புகிறது. அதைத் திறக்கும் சாவி வில்லையின் உரிமையாளருடைய கைப்பேசியில் மட்டும் இருக்கிறது. எண் அவ்வப்போது மாறுவதால் கேட்கும் கைப்பேசிக்கு அது யாருடைய வில்லை என்பது தெரியாது. தான் ஓர் உதவி செய்ததே அந்தக் கைப்பேசிக்காரருக்குத் தெரியாது. முன்பின் அறியாதவர்களின் கைப்பேசிகள் கூட்டாக நடத்தும் ஒரு வகைச் சாட்சியம் இது. சாட்சி இல்லாத இடத்தில் வில்லை ஊமை.

இந்த அடிப்படை புரியாததால் திரையில் தெரியும் புள்ளியைத் தவறாகப் படிப்பவர் பலர். திருச்சியில் இறங்கியவரின் கைப்பேசி, பெட்டி கோலாலம்பூரில் இருப்பதாகவும், அது ஐந்து மணி நேரத்துக்கு முந்தைய செய்தி என்றும் காட்டினால், பெட்டி ஏறவில்லை என்று பதற வேண்டியதில்லை: ஓடுதளத்தருகே பெட்டியைத் தூக்கி ஏற்றிய ஊழியரின் கைப்பேசியே கடைசியாக அதைக் கேட்டிருக்கலாம், அதன் பின் சரக்கறையின் உலோகச் சுவருக்குள் கேட்பார் இல்லாமல் அது பறந்திருக்கலாம். கவனிக்க வேண்டியது இடத்தை அன்று, நேரத்தை. விமானம் புறப்பட்ட பிறகும் கோலாலம்பூரில் புதிய நேரத்தோடு புள்ளி விழுந்தால்தான் பெட்டி தங்கிவிட்டது என்று பொருள். அதிலும் கே.எல்.ஐ.ஏ. போன்ற ஆயிரக்கணக்கானோர் நடமாடும் இடத்தில் வில்லைக்குச் செவிகள் ஏராளம். நாளுக்குச் சில விமானங்களே வந்துபோகும் சிறு நிலையத்தில் கடைசி விமானம் போனபின் அந்த வளாகமே அடங்கிவிடும். ஐபோன் அரிதாகப் புழங்கும் இடத்தில் ஆப்பிள் வில்லையும் அதே அளவுக்கு அரிதாகவே பேசும். செயற்கைக்கோள் வாங்கியும் சிம் அட்டையும் கொண்ட வேறு வகைத் தடங்காட்டிகள் பிறரை நம்புவதில்லை எனினும், கூரைக்கடியில் செயற்கைக்கோளும் வெளிநாட்டில் சிம்மும் கைவிடுவதாலும், மாதக் கட்டணம் வேண்டுவதாலும், பெரிய மின்கலத்தை அடிக்கடி மின்னேற்ற வேண்டியிருப்பதாலும் பெட்டிப் பயணத்துக்கு அவை அவ்வளவாகப் பொருந்தவில்லை.

வில்லையின் மின்கலமும் அலைபரப்பும் பற்றிய ஐயம் ஒருமுறை பகிரங்கமாகவே எழுந்தது. 2022 அக்டோபரில் ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனம், அலை பரப்பும் கருவியை இயங்கும் நிலையில் சரக்கறையில் வைப்பது விதிக்கு முரண் என்று கூறி, பின்னர் அந்நாட்டு விமானப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆபத்தில்லை என்று சொன்னதும் சில நாள்களில் நிலையை மாற்றிக்கொண்டது. வில்லையில் இருப்பது கைக்கடிகாரத்திலும் சாவிக் கருவிகளிலும் இருப்பது போன்ற சி.ஆர்.2032 என்ற பொத்தான் மின்கலம். அதிலுள்ள லித்தியம் ஏறத்தாழ 0.1 கிராம். சரக்கறையில் அனுமதி மறுக்கப்படும் பவர்பேங்க் எனும் உதிரி மின்கலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அந்த 2022-ஆம் ஆண்டே தடங்காட்டியின் ஆண்டு எனலாம். பெருந்தொற்றுக்குப் பின் ஆள்பற்றாக்குறையோடு திறந்த ஐரோப்பிய விமான நிலையங்களில், குறிப்பாக இலண்டன் ஹீத்ரோவில், பெட்டிகள் மலையாகக் குவிந்தன. பெட்டி எங்கே என்று தெரியவில்லை என முகப்பில் சொல்லப்பட்ட பயணி, அது இருக்கும் கட்டடத்தைத் தன் கைப்பேசியில் காட்டும் நிலை உருவானது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், காணாமற்போன பெட்டியின் வில்லை காட்டிய தடத்தைத் தொடர்ந்த காவல்துறை, விமான நிலைய ஒப்பந்த ஊழியர் ஒருவரைக் கைது செய்தது. ஆயினும் பெரும்பாலான இடங்களில் பயணியின் அறிவுக்கும் நிறுவனத்தின் நடைமுறைக்கும் இடையே வாசல் இருக்கவில்லை: பெட்டி மூன்றாம் கொட்டகையில் இருக்கிறது என்பவரிடம், படிவத்தை நிரப்புங்கள் என்பதே பதிலாக இருந்தது. 753-ஆம் தீர்மானமும் நிறுவனங்கள் தமக்குள் தகவல் பகிர்வதைப் பேசுகிறதே தவிர, பயணியின் தகவலை ஏற்பது பற்றிப் பேசவில்லை. 2024 இறுதியில் ஆப்பிள், வில்லையின் இருப்பிடத்தைக் காட்டும் இணைப்பை விமான நிறுவனத்தோடு பகிரும் வசதியைத் தந்த பிறகே அந்த வாசல் திறந்தது. தவறிய பெட்டிகளை உலகளவில் தேடும் வேர்ல்டுடிரேசர் என்ற பதிவேட்டோடு சீட்டா அதை இணைத்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தொடக்கத்திலேயே சேர்ந்த நிறுவனங்களுள் ஒன்று, ஏர் இந்தியா 2025-இல் சேர்ந்தது.

கெடாத் தமிழரின் பெட்டிப் பழக்கம் இக்கருவியை வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்க்காத ஒன்று. ஊருக்குப் போகிறவரிடம் அடுத்த வீட்டுக்காரர், அத்தை, மாமா என்று பலரும் பொருள் கொடுத்தனுப்புவார்கள். பெட்டியே இரவலாக வந்திருக்கும். ஆளைப் பின்தொடர இவ்வில்லைகள் பயன்படுவதைத் தடுக்க, அறியாத வில்லை ஒன்று உடன் வருவதாகக் கைப்பேசி எச்சரிக்கும் ஏற்பாடும், உரிமையாளரைப் பிரிந்து 8 முதல் 24 மணி நேரத்துக்குள், அசைக்கும்போது வில்லையே ஒலி எழுப்பும் ஏற்பாடும் உள்ளன. 2024 மே முதல் ஐபோனும் ஆண்ட்ராய்டும் இந்த எச்சரிக்கைக்குப் பொது நெறி ஒன்றைப் பின்பற்றுகின்றன. அண்ணனின் பெட்டியை அவரது வில்லையோடு இரவல் வாங்கிய தம்பிக்கு நள்ளிரவில் இந்த எச்சரிக்கை வந்தால் திகைப்பு நேரும். வில்லையைக் குடும்பத்தாரோடு பகிரும் வசதி 2023-இல் வந்த பிறகு இதற்குத் தீர்வு உண்டு. இரவல் கொடுப்பவர் அதை நினைவில் வைத்திருந்தால்.

பெட்டி வராவிட்டால் செய்ய வேண்டிய முதல் வேலை இன்றும் காகித வேலைதான். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் பி.ஐ.ஆர். எனப்படும் சாமான் குறைபாட்டு அறிக்கையைப் பதிந்து அதன் பத்தெழுத்து எண்ணைப் பெற வேண்டும். மலேசியாவில் 2008 முதலும் இந்தியாவில் 2009 முதலும் நடப்பிலுள்ள மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வராத பெட்டிக்குத் தொலைந்ததற்கான இழப்பீட்டைக் கோரலாம். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது ஐந்து நாணயங்களின் மதிப்பைச் சேர்த்துப் பன்னாட்டு நாணய நிதியம் வகுத்த கணக்கலகு; இத்தொகை ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். தனிச் சீட்டில் பறந்த அலோர் ஸ்டார்–கோலாலம்பூர்க் கட்டம் உள்நாட்டுப் பயணம் ஆதலால் உடன்படிக்கைக்குள் வராது. ஆப்பிளின் பகிர்விணைப்பு ஏழு நாளில் காலாவதியாகிறது, சட்டமோ இருபத்தொரு நாள் காத்திருக்கச் சொல்கிறது. இடையிலுள்ள இரு வாரத்தில் பயணி இணைப்பை மறுபடி அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

பட்டை கிழிந்து, வில்லையும் ஊமையாகிவிட்டால் எஞ்சுவது பெட்டியின் நிறமும் வகையும் உள்ளிருக்கும் பொருள்களின் பட்டியலும்தான். ஊழியர் பெட்டியைத் திறந்து, கண்டதை வேர்ல்டுடிரேசரில் எழுதுகிறார்; பயணி சொன்ன பட்டியலோடு கணினி அதை ஒப்பிடுகிறது. திருச்சி விமானத்தில் வரும் கறுப்புப் பெட்டிகள் பலவற்றில் மைலோவும் பிஸ்கட் டின்னும் கோடாலித் தைலமும் இருக்கும் என்பதால் அவற்றை எழுதிப் பயனில்லை. அங்கே உதவுவது அளவெடுத்துத் தைத்த ரவிக்கையின் நிறம், ஒரு பக்கம் உடைந்த கண்ணாடிச் சட்டம், அல்லது மேல் துணிக்கு அடியில் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட ஒரு திருமண அழைப்பிதழ்.